டர்போ காருக்குப் பவர் கூட்டுவதற்கு முன்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பரின் கொட்டகையில் ஞாயிறு மாலைகளில் போய் உட்காருவது எனக்குப் பத்து ஆண்டுப் பழக்கம். நான் மெக்கானிக் அல்ல; டர்போ பெட்ரோல் கார் ஒன்றை எட்டு ஆண்டுகளாக வைத்திருந்து, அதில் முதலில் தவறான இடத்திலும் பிறகு சரியான இடத்திலும் பணம் போட்டவன். அங்கே வரும் இளைஞர்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள், முதல் கார் வாங்கப் போகிறவர்கள் என எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களையே கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர் வாய்மொழியிலேயே எழுதி, பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

டர்போ வண்டியில மட்டும் பவர் கூட்டுறது சுலபம்னு சொல்லுறாங்களே, அது எப்படி?

எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அதற்கேற்ற அளவுதான் எரிபொருளை எரிக்க முடியும். சாதாரண எஞ்சின், வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவு தள்ளிவிடுகிறதோ அவ்வளவு காற்றையே பெறும். டர்போவில், வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஈசியு என்னும் கணினி தீர்மானிப்பதால், அந்தக் கட்டளையை மாற்றினாலே எஞ்சினுக்குக் கூடுதல் காற்று கிடைத்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினில் இதே பலனைப் பெற கேம் ஷாஃப்ட், ஹெட் என்று பிரித்து மேய வேண்டியிருக்கும். அப்படிச் செய்தாலும் கிடைப்பது சொற்பம்.

சுலபமாக இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்தும். பத்து நிமிடத்தில் மென்பொருளை ஏற்றிவிடலாம். ஆனால் அந்தக் கூடுதல் விசையைச் சாலை வரை கொண்டுபோக வேண்டிய கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில், டயர் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கும்.

ரீமேப்புன்னா ஏதாவது பார்ட்ஸ் மாத்துவாங்களா? ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ன்னு வேற சொல்லுறாங்க.

ரீமேப் என்பது ஈசியுவில் உள்ள அட்டவணைகளைத் திருத்தி எழுதுவது. எந்த ஆர்.பி.எம்-இல் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) எவ்வளவு காற்றழுத்தம், எவ்வளவு எரிபொருள், எத்தனை டிகிரி முன்பாகத் தீப்பொறி என்பவையே அந்த அட்டவணைகள். பாகம் எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்வதை ஸ்டேஜ் 1 என்பார்கள். டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்), ஏர் இன்டேக், பெரிய இண்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போன்றவற்றை மாற்றி அதற்கேற்ப மறுபடியும் எழுதுவது ஸ்டேஜ் 2. டர்போவையே பெரிதாக்குவது ஸ்டேஜ் 3. இவை எந்த அரசு அமைப்பும் வகுத்த தரங்கள் அல்ல, வியாபாரப் பெயர்கள். ஒருவரின் ஸ்டேஜ் 2 இன்னொருவரின் ஸ்டேஜ் 1 ஆக இருக்கலாம். ஆகவே பெயரைக் கேட்காமல், அதிகபட்ச டார்க் (எஞ்சின் சுழற்றும் விசை) எத்தனை ஆர்.பி.எம்-இல் எவ்வளவு வரும் என்று கேளுங்கள்.

டார்க் முக்கியமா, பவர் முக்கியமா?

இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்.பி.எம்-ஆல் பெருக்கி ஏறக்குறைய 7,024-ஆல் வகுத்தால் பி.எஸ். (குதிரைத்திறன்) கணக்கில் பவர் வந்துவிடும். 175 நியூட்டன் மீட்டரை 4,000 ஆர்.பி.எம்-இல் தரும் எஞ்சின், அந்த இடத்தில் 100 பி.எஸ். அளவுக்குத் தருகிறது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் போகும்போது நாம் பயன்படுத்துவது 1,800-க்கும் 3,500-க்கும் இடைப்பட்ட ஆர்.பி.எம்-தான், பேருந்தை முந்துவதற்குக் கிடைக்கும் இடைவெளியில் அதற்கு மேல் போக நேரமே இருக்காது. நம் சாலைகளில் நடுப்பகுதி டார்க் இதமாக ஏறுவதே பயன் தரும். விளம்பரத்தில் போடும் உச்ச பவர், காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலைக்கு ஏறிய பிறகுதான் நினைவுக்கு வரும்.

கையில ஒரு லட்சம் இருக்கு. முதல்ல எதுல போடணும்?

இந்தக் கேள்விக்கு என் கதையே பதில். நான் முதலில் போட்டது ரீமேப்பில். திருநெல்வேலியிலிருந்து இரவில் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஐந்தாவது கியரில் ஒரு லாரியை முந்த முழுதாக மிதித்தேன். ஆர்.பி.எம் முள் 2,800-லிருந்து 3,600-க்குத் துள்ளியது. வேகம் காட்டும் முள்ளோ 90-இல் அப்படியே நின்றது. சில நொடிகளில் ஏசி வழியாகக் கருகிய வாடை வந்தது. 60,000 கிலோமீட்டர் ஓடியிருந்த கிளட்ச், பழைய டார்க்கையே விளிம்பில் நின்றுதான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மென்பொருள் எழுதியவர் அதைக் கேட்கவுமில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கிளட்ச் செட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் ஆன செலவு, ரீமேப்புக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

அதன்பின் நானும் நண்பரும் வைத்துக்கொண்ட வரிசை இது. முதலில் வண்டி தன் பழைய நிலையில் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: ஸ்பார்க் பிளக், காயில், எஞ்சின் மவுண்ட், கூலண்ட், காற்றுக் குழாய்கள். நண்பர் இண்டர்கூலர் குழாய் சேரும் இடத்தில் விரலை வைத்துத் துடைத்துப் பார்ப்பார். விரலில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அங்கே சோப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளே லேசாகக் காற்றை ஏற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். நூற்றைம்பது ரூபாய் கிளாம்ப் ஒன்றை மாற்றியதுமே, 'பிக்கப் போய்விட்டது, ரீமேப் போட வேண்டும்' என்று வந்த வண்டி சரியாகித் திரும்பிப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பிரேக்கும் டயரும். வேகம் 100-லிருந்து 120 ஆகும்போது, நிறுத்துவதற்குக் கரைக்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி என்பதே தரநிர்ணயம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. அதோடு நல்ல பிரேக் பேட், நல்ல டயர் நான்கு. மூன்றாவது கிளட்சின் நிலை. நான்காவது வெப்பம். இவையெல்லாம் முடிந்த பிறகு மீதியிருந்தால் ரீமேப். ஒரு லட்சத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால் இந்தப் பதிலைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் குறைவு.

நம்ம ஊர் சூட்டுக்கு இண்டர்கூலர் கட்டாயம் மாத்தணுமா?

டர்போ காரில் தொழிற்சாலையே இண்டர்கூலர் வைத்துத்தான் தருகிறது. அது போதுமா என்பதே கேள்வி. காற்றை அழுத்தினால் சூடாகும். 30 டிகிரியில் உள்ள காற்றை வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 1 பார் கூடுதலாக அழுத்தினால், டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், அது ஏறக்குறைய 125 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதோடு எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன்பே வெடிக்கும் நாக்கிங்கையும் அது தூண்டும். நாக்கிங்கை உணர்ந்தால் ஈசியு தீப்பொறியைத் தாமதப்படுத்தி, காசு கொடுத்து வாங்கிய பவரைத் தானே குறைத்துவிடும்.

ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று அடிக்க ஓடும்போது எந்த இண்டர்கூலரும் நன்றாகவே வேலை செய்யும். மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் அரைமணி ஊர்ந்துவிட்டு மேம்பாலத்தில் ஏறி மிதித்துப் பாருங்கள். அப்போதுதான் அதன் குறை தெரியும். மேற்குக் கடற்கரைச் சாலையில் அன்றாடம் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உப்புக்காற்றில் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து உதிரும், மணலும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும். புதியது வாங்குவதற்கு முன், பழையதை மென்மையாகத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள். ஸ்டேஜ் 1-க்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

எந்த பெட்ரோல் போடணும்? இந்த இ20 வந்ததுல ஏதும் பிரச்சினை உண்டா?

எஞ்சினைத் திருத்தி எழுதும்போது, உங்களால் எப்போதும் வாங்க முடிகிற பெட்ரோலுக்கே எழுதச் சொல்லுங்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 (100 ஆக்டேன், அதாவது நாக்கிங்கை அதிகம் தடுக்கும் பெட்ரோல்) நல்ல எரிபொருள்தான். ஆனால் குலசேகரத்தில் இரவு பதினொரு மணிக்கு அது கிடைக்குமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். 100 ஆக்டேனுக்கு எழுதிய வண்டியில் சாதாரணப் பெட்ரோலை ஊற்றிவிட்டு மலைச்சாலையில் மிதிப்பதுதான் பிஸ்டன் உடைவதற்கான நேர்வழி.

இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும், உள்ளே செல்லும் காற்றையும் குளிர்விக்கும். அந்த வகையில் டர்போவுக்கு நண்பன். ஆனால் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். சுத்தமான பெட்ரோல் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால் இ20-க்கு ஏறக்குறைய 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு இன்ஜெக்டர் கூடுதல் எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும். பவர் கூட்டிய வண்டியில் இன்ஜெக்டரும் பம்பும் ஏற்கெனவே விளிம்பில் நின்றால், இந்தச் சிறு கூடுதலே அவற்றைத் தாண்ட வைத்துவிடும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டீசலுக்கும் இதே கணக்குதானா?

கிளட்ச், டயர், பிரேக் பற்றி மேலே சொன்னது அனைத்தும் அப்படியே பொருந்தும். நாக்கிங் கவலை மாறி, புகைப்போக்கியின் வெப்பமும் கரும்புகையும் கவலையாகும். டீசலில் எரிபொருளைக் கூட்டினாலே டார்க் கூடிவிடுவதால், காற்று போதாமல் வெறும் டீசலைப் பீய்ச்சிப் பவர் காட்டுகிறவர்கள் உண்டு; பின்னால் வருகிறவர் முகத்தில் கரியைப் பூசும் வண்டிகள் அவைதான். பழைய ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் டீசல் 75 பி.எஸ்., 190 நியூட்டன் மீட்டர். சிறிய டர்போவோடு வரும் அந்த எஞ்சினில் அளவாகக் கூட்டினால் நன்றாகவே ஓடும், பேராசைப்பட்டால் டர்போ வாயைப் பிளக்கும். இனி வரும் பதில்கள் பெரும்பாலும் பெட்ரோலை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

என் வண்டி கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

தயாரிப்பாளர் அதே கியர்பாக்ஸை வேறு எந்த எஞ்சினோடு விற்கிறார் என்று பார்ப்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு எளிய வழி. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிகியூ200 என்னும் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி (தானாகக் கியர் மாற்றும் பெட்டி) 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைக்கப்பட்டது. பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ-இல் அது 175 நியூட்டன் மீட்டரோடு வந்தது. ஆகவே கொஞ்சம் இடம் மிச்சம். அதே கியர்பாக்ஸ் ஸ்லாவியா, விர்டஸ் 1.5 லிட்டரில் வரும்போது எஞ்சினே 250 தருகிறது. அங்கே மிச்சம் என்று எதுவுமில்லை. இரண்டு வண்டிக்காரர்களும் 'டிஎஸ்ஜி தாங்கும்' என்றுதான் சொல்வார்கள். சொல் ஒன்று, நிலைமை வேறு.

மேனுவல் வண்டியில் கிளட்சைச் சோதிக்க, வாகனமில்லாத நேரான சாலையில் நான்காவது கியரில் 2,000 ஆர்.பி.எம்-இல் ஓடும்போது முழுதாக மிதித்துப் பாருங்கள். ஆர்.பி.எம்-உம் வேகமும் ஒன்றாக ஏற வேண்டும். எனக்கு முப்பந்தலில் நடந்தது போல ஆர்.பி.எம் மட்டும் தனியாக ஓடினால் கிளட்ச் முடிந்தது.

முன் வீல், பின் வீல், நாலு வீல்: பவர் கூட்டுறதுக்கு எந்த வண்டி வாங்குறது நல்லது?

வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டவருக்கு முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். கணக்குக்காக ஒரு முன் வீல் காரை, அதாவது எஞ்சின் முன் சக்கரங்களை மட்டும் சுழற்றும் காரை, எடுத்துக்கொள்வோம். எடை 1,150 கிலோ, அதில் 60 சதவீதம் முன்பக்கம், சக்கரத்தின் ஆரம் 0.30 மீட்டர், எஞ்சின் டார்க் 175 நியூட்டன் மீட்டர். ஆக்சில் வரை சேர்த்த மொத்தக் கியர் விகிதம் முதல் கியரில் 14, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 5.5. வழியில் 10 சதவீதம் இழப்பு என்று வைத்தால், சக்கரங்களுக்கு வந்து சேர்வது முறையே 2,200, 1,260, 870 நியூட்டன் மீட்டர்.

இனி டயர் எவ்வளவு பிடிக்கும் என்று பார்ப்போம். வண்டி முன்னோக்கிப் பாயும்போது எடை பின்னால் சாயும். அதைக் கழித்த பிறகு, காய்ந்த தாரில் முன் டயர்கள் ஏறக்குறைய 1,500 வரை தாங்கும். மழையில் அது 900-ஆகக் குறையும். அதாவது ரீமேப் போடாத நிலையிலேயே முதல் கியர் டயரைச் சுழற்றும். மழையில் இரண்டாவதும் சுழற்றும். இப்போது ரீமேப் போட்டு டார்க்கை 230 ஆக்குங்கள்: இரண்டாவது கியரில் 1,650, மூன்றாவதில் 1,140. காய்ந்த சாலையில் இரண்டாவது கியரும், மழையில் மூன்றாவது கியரும் பிடியை இழக்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஸ்டியரிங் ஒருபக்கமாக இழுப்பதும் இதோடு சேர்ந்து வரும். இரண்டு பக்க ஆக்சில்களின் நீளம் சமமாக இல்லாத முன் வீல் வண்டிகளில் அது நன்றாகவே தெரியும்.

அதே எடையில், 50-50 பங்கீட்டோடு பின் வீல் வண்டி ஒன்று இருந்தால், சாயும் எடை பின் டயருக்குச் சாதகமாவதால் காய்ந்த சாலையில் 1,900 வரை தாங்கும். பலரும் கவனிக்காதது அடுத்த எண்: மழையில் அது 950-தான். முன் வீலுக்கு 900, பின் வீலுக்கு 950. வழுக்கும் சாலையில் வண்டி வேகமாகப் பாய முடியாததால் எடையும் சாயாது. பின் வீலின் மேன்மை கரைந்துவிடும். நான்கு சக்கரமும் இழுத்தால், விசை சரியாகப் பகிரப்படும் பட்சத்தில், காய்ந்ததில் 3,000, மழையில் 1,700.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு. கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகள் மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் காய்வதில்லை. மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் பனியில் நனைந்த சருகு வேறு. ஆகவே என் கருத்து இது: 200 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கும் ஆசை என்றால் முன் வீல் வண்டியும் நல்ல டயரும் போதும். 300-ஐத் தாண்டும் ஆசை என்றால் முதலிலேயே ஆல் வீல் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். பின் வீல் ஓட்டுவதற்குச் சுவையானது, ஸ்டியரிங் சுத்தமாக இருக்கும். ஆனால் ஜூன் மாதத்து வில்லுக்குறி வளைவில் அந்தச் சுவையைத் தேடாதீர்கள்.

என் முன் வீல் வண்டியையே ஆல் வீல் ஆக்கிட முடியாதா?

முடியும் என்று காட்டியவர்கள் உலகில் உண்டு. அதற்கு டிரான்ஸ்ஃபர் பெட்டி, நடுத் தண்டு, பின் டிஃபரன்ஷியல், பின் சஸ்பென்ஷன், அது உட்காருவதற்கு வெட்டி ஒட்டிய தரைத்தகடு, இடம் மாறிய பெட்ரோல் டேங்க் எல்லாம் வேண்டும். அவ்வளவு பணத்தில் அந்த அமைப்போடே வரும் பழைய காரை வாங்கிவிடலாம். சட்டச் சிக்கல் தனி. அது கீழே வருகிறது.

எல்.எஸ்.டி. போட்டா முன் வீல்லயே சமாளிச்சிரலாமே?

டிஃபரன்ஷியல் என்பது ஒரு அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் கியர் அமைப்பு; அவற்றில் ஒன்று மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் வகையே எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்). சாதாரண டிஃபரன்ஷியல், பிடி குறைந்த சக்கரத்துக்குத் தாங்கும் அளவையே மறு சக்கரத்துக்கும் கொடுக்கும். ஒரு டயர் சாலையோர மணலில் ஏறினால் இரண்டுமே வீண். மேலே சொன்ன 1,500-உம் 900-உம் இரண்டு டயர்களும் சமமாகப் பிடிக்கும்போது கிடைப்பவை; வளைவில் உள்பக்க டயர் லேசாகும்போது உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. எல்.எஸ்.டி. இந்த இழப்பை மீட்டுத் தரும். 1,500-ஐ 2,000 ஆக்காது.

பல் சக்கர வகை எல்.எஸ்.டி. அன்றாட ஓட்டத்துக்கு இதமானது, தேய்மானம் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் முற்றிலும் அந்தரத்தில் நின்றால் அது உதவாது. தட்டு வகை எல்லா நிலையிலும் பூட்டும்; சத்தமும் பராமரிப்பும் அதிகம். சில கார்களில், சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து இதே வேலையைப் போலச் செய்யும் மென்பொருள் உண்டு, அதை எல்.எஸ்.டி. என்று விற்பனையாளர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஜீப்புல உள்ள 4x4-உம் ஆல் வீலும் ஒண்ணுதானே?

இல்லை. மஹிந்திரா தார் போன்ற வண்டிகளின் லிவர் போட்டு இணைக்கும் 4x4-இல் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். சேற்றில் அது வரம். காய்ந்த தாரில் திரும்பும்போது இரு அச்சுகளும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் கியர் அமைப்பு முறுக்கிக்கொள்ளும். ஆகவே தார்ச்சாலையில் அது பின் வீல் வண்டிதான். முந்தைய கணக்கில் பின் வீல் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது பின் அச்சுக்கு விசையைத் தள்ளும் கிளட்ச் கொண்ட ஆல் வீல் காரை எப்போதும் அப்படியே ஓட்டலாம். ஆனால் அந்தக் கிளட்சுக்கும் தனி எண்ணெயும் தனிக் கொள்ளளவும் உண்டு.

பெரிய டர்போ போட்டா என்ன ஆகும்?

1 லிட்டர் எஞ்சினில் பெரிய டர்போ என்பது, சிறிய அடுப்புக்குப் பெரிய அண்டா. சூடேற நேரமாகும். 1,800-இல் கிடைத்துக்கொண்டிருந்த இழுவை 3,500-க்குத் தள்ளிப்போகும். மூன்றாவது பதிலில் சொன்ன நம் சாலை ஆர்.பி.எம்-இல் வண்டி முன்பைவிட மந்தமாகிவிடும். அதைத் தொடர்ந்து எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், கனெக்டிங் ராடு என்று பட்டியல் நீளும். அன்றாட வண்டிக்கு நான் யாருக்கும் இதைப் பரிந்துரைத்ததில்லை.

ரீமேப் பண்ணினா மைலேஜ் கூடும்னு ஒருத்தர் சொன்னாரே?

முன்பு ஓட்டியபடியே ஓட்டினால் சற்றுக் கூடலாம். முன்பு ஓட்டியபடியே ஓட்டப்போகிறவர் எதற்காக ரீமேப் போடுகிறார்?

ரீமேப்புக்கு அப்புறம் ஓட்டுற முறையில ஏதும் மாத்தணுமா?

கட்டாயம். நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில், உயர்ந்த கியரில் 1,500 ஆர்.பி.எம் அளவில் முழுதாக மிதிப்பதே மிக மோசமான பழக்கம். அந்நிலையில் எரியறைக்குள் சேரும் எண்ணெய்த் துளிகள் தீப்பொறிக்கு முன்பே பற்றி, ஒரே வெடிப்பில் பிஸ்டன் வளையத்தை உடைக்கக்கூடும். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து மிதியுங்கள். இந்தப் பிரச்சினையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட ஏபிஐ எஸ்பி தர எண்ணெயை, உங்கள் கையேடு சொல்லும் தடிமனில் பயன்படுத்துங்கள். 15,000 கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் 7,500-இல் மாற்றுங்கள். பிளக் இடைவெளியைச் சற்றுக் குறைக்கவும் வேண்டியிருக்கும். அழுத்தம் கூடும்போது தீப்பொறி தாண்டுவது கடினமாகி, முழு மிதியில் வண்டி திக்கும்.

டைனோவில என் வண்டி 104 தான் காட்டுச்சு. கம்பெனி 120ன்னு சொல்லுது. ஏமாத்திட்டாங்களா?

கம்பெனி சொல்வது எஞ்சின் தண்டில் அளந்தது. டைனோ (வண்டியை உருளைகளின் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் கருவி) அளப்பது சக்கரத்தில். முன் வீல் வண்டியில் 12 முதல் 15 சதவீத இழப்பு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆல் வீலில் கூடுதல் தண்டும் டிஃபரன்ஷியலும் இருப்பதால் இன்னும் அதிகம். ஆகவே 104 நல்ல எண்தான். ஒரே டைனோவில், ஒரே நாளில், ரீமேப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள். 'முன்' எண்ணை எடுக்காமல் 'பின்' எண்ணை மட்டும் காட்டுகிறவரிடம் பில் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ்ல மாட்டிக்குவோமா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தம் போடும் சைலன்சரும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் நீக்கிய டவுன்பைப்பும் முதலில் சிக்குபவை. பின்னது புகைச் சான்றிதழிலும் தோற்கும். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் சோதனை இன்னும் கறார். ஆல் வீல் மாற்றம் போன்ற வெட்டி ஒட்டும் வேலைக்கு இங்கே வழியே இல்லை.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க அது காரணமாகலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் கை வைக்காமல் இருப்பதே உத்தமம்.

சர்வீசுக்கு விடும்போது பழைய ஃபைலை ஏத்திட்டா கண்டுபிடிக்க மாட்டாங்கல்ல?

எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல ஈசியுக்கள் தாமே வைத்துக்கொள்கின்றன. பழைய கோப்பைத் திரும்ப ஏற்றுவதும் அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டும்.

செகண்ட் ஹேண்டில ரீமேப் பண்ணின வண்டி வருது, விலையும் குறைவு. எடுக்கலாமா?

மறைக்காமல் சொல்கிறவரிடம் வாங்கலாம். யார் எழுதியது, எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், அதன்பின் எண்ணெய் மாற்றிய பில்கள் எங்கே என்று கேளுங்கள். எட்டாவது பதிலில் உள்ள கிளட்ச் சோதனையைச் செய்யுங்கள். டயர்களைப் பாருங்கள்: முன் இரண்டும் பின் இரண்டைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தால், ஒன்பதாவது பதிலில் உள்ள கணக்கை முந்தைய உரிமையாளர் சாலையில் அன்றாடம் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று பொருள். பழைய கோப்பும் கையில் தருவாரா என்று கேளுங்கள். தருவார் என்றால் முதல் ஆறு மாதம் அதிலேயே ஓட்டுங்கள்.

பவர் கூட்டின வண்டிய எங்க போய் முழுசா ஓட்டிப் பாக்குறது?

காவல்கிணறு நான்குவழிச் சாலையில் அல்ல. அங்கே எதிர்த்திசையில் வரும் பைக்கும், குறுக்கே வரும் ஆடும் உங்கள் ஸ்டேஜை அறியாதவை. கோயம்புத்தூரில் செட்டிப்பாளையம் அருகே கரி மோட்டார் ஸ்பீட்வேயும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடமும் உள்ளன. பொதுமக்கள் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். போகும்போது பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டு, ஒரு செட் பேடைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். கோயம்புத்தூர் போன முதல் முறை, மூன்றாவது சுற்றிலேயே என் பிரேக் பெடல் தரை வரை போனது.